கடைசி ஆள் உட்காரும் வரை

பிலோமினா போய்விட்டாள் என்று அவள் தம்பி அருள் போன் செய்தபோது நான் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று தெரியும். தேறிவிடுவாள் என்றே நம்பியிருந்தேன். "அடக்கத்துக்கு பேண்டு சொல்லணும்க்கா, திண்டிவனத்துல யார்கிட்ட சொல்றது?" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வெளியாளு எதுக்குடா? நாங்க எல்லாம் செத்தா போயிட்டோம்?" என்று கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

நம் பல்கலைக்கழக பேண்டில் அவளோடு வாசித்தவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய டிரம்மைத் தோளில் மாட்டிய முதல் பெண் பிலோதான். நான் அவளுக்குப் பக்கத்தில் சைடு டிரம். பெரிய டிரம் இரண்டு தட்டு தட்டினால்தான் பேண்டு நிற்கும். பேண்டு மாஸ்டரே கையைக் காட்டினாலும் அந்த இரண்டு தட்டு விழாமல் ஒருவரும் நிறுத்தக் கூடாது. அந்த இடம் அவளுக்குக் கிடைத்தபோது டிரம்பெட்காரன் ஒருவன், "அவங்கப்பா சாவுக்கு அடிக்கிறவரு, அதான் கை பழகியிருக்கு" என்று சிரித்தான். பிலோ முறைக்கக்கூட இல்லை. "ஆமா, எங்கப்பா சாவுக்கு அடிக்கிறாரு, நான் பட்டத்துக்கு அடிக்கிறேன். இதுல உனக்கு இன்னா பேஜாரு?" என்றாள். அதற்குப் பிறகு அவன் வாயைத் திறந்தது டிரம்பெட் ஊத மட்டும்தான்.

பட்டமளிப்பு விழாவில், பட்டம் வாங்குகிறவர்கள் நம் வாசிப்புக்கு நடந்து வந்து பந்தலில் உட்காருவார்கள். அந்த வருடம் சிறப்பு விருந்தினர் மேடை ஏறியதுமே அதிகாரி ஒருவர் ஓடிவந்து "நிறுத்து, நிறுத்து" என்றார். பிலோ வாசல் கேட்டைத் திரும்பிப் பார்த்தாள். கண்டாச்சிபுரம் பஸ் தாமதமாகி, ஒரு பெண் அங்கியைத் தூக்கிப் பிடித்தபடி கால் தாங்கித் தாங்கி வந்துகொண்டிருந்தாள். டிரம் நிற்கவில்லை. "அடுத்த வருஷம் பேண்டே வேணாம், ஸ்பீக்கர்ல பாட்டு போட்டுக்கறோம்" என்றார் அதிகாரி. "நிறுத்துடி" என்று முணுமுணுத்தேன்.

"ஒருத்தி நடந்துக்கினு வர்றா, தெரியல? அவளுக்கும் சேர்த்துத்தான வாசிக்கிறோம்."

அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்த பிறகே இரண்டு தட்டு விழுந்தது. பந்தல் முழுக்கக் கை தட்டியது. கடைசி ஆள் வரும்வரை நிறுத்தக் கூடாது என்பது அவள் அப்பாவின் தொழிலில் கட்டாயமாம், பிறகு சொன்னாள். அடுத்த வருட ஒத்திகைக்கு அதே அதிகாரி வந்து, தானே கண்டுபிடித்ததுபோல, "கடைசி ஆளு உக்கார்ற வரைக்கும் வாசிங்கம்மா" என்றார். பிலோ என் விலாவில் ஒரு குத்து விட்டாள். இன்றுவரை நம் பேண்டின் வழக்கம் அதுதான். எங்கள் செட் ஏற்படுத்திய வழக்கம் என்று யாரிடமும் மார்தட்டிச் சொல்வேன்.

அடக்கத்துக்கு எங்கெங்கோ இருந்தவர்கள் எல்லாம் வந்தார்கள். பழைய பேண்டு சட்டை பாதிப் பேருக்குப் பொத்தான் போட முடியவில்லை. பெரிய டிரம்மை நான் மாட்டிக்கொண்டேன். வாசித்துக்கொண்டே போய், திண்டிவனம் கல்லறைத் தோட்டத்தில் குழியருகே பெட்டியை இறக்கியதும் ஃபாதர் ஜெபப் புத்தகத்தைத் திறந்தார். "போதும்க்கா" என்றான் அருள்.

நான் திரும்பிப் பார்த்தேன். பாதையில் பிலோவின் அப்பா, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, தனியாக வந்துகொண்டிருந்தார். வாசித்துக்கொண்டே இருந்தோம். ஃபாதர் புத்தகத்தை மூடிக்கொண்டு காத்திருந்தார். அப்பா வந்து பெட்டியின் மேல் கை வைத்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வந்துட்டேம்மா. நிறுத்திக்கோ."

இரண்டு தட்டு தட்டினேன். பிலோ எனக்கு விட்டுப்போனது அந்தத் திரும்பிப் பார்த்தல்தான். அதை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல ஆசை. ஆனால் பேண்டில் புதிதாகப் பெரிய டிரம் மாட்டுகிறவர்கள் கேட்டால், கொடுத்துவிடுவேன்.