தண்ணீரில் சத்தம் அளக்கும் ஜலீல் பாய்

படகில் நின்றபடி ஜலீல் பாய் தோள் துண்டை ஒருமுறை வீசினால், கரையில் தானியேல் கிடாரை மீட்ட வேண்டும். இரண்டு முறை வீசினால் நிறுத்திவிட்டு ஒயரைப் பிடுங்கி வேறு ஸ்பீக்கர் பெட்டியில் செருக வேண்டும். துண்டை வீசாமல் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் அன்றைய சோதனை முடிந்தது என்று பொருள். பழவேற்காட்டு ஏரியில் காற்று எழும்பாத காலை வேளைகளில் இந்தக் கூத்து அடிக்கடி நடக்கும். பாய்க்குக் கழி ஊன்றிப் படகு தள்ள வராது. படகு அவரைச் சுற்றும், அவர் படகைச் சுற்றுவார். பார்க்கிற மீனவர்கள், “பாய் காத்து வாங்கப் போறாரு” என்று சொல்லிவிட்டுத் தங்கள் வலையைப் பார்ப்பார்கள்.

தரையில் சோதித்தால் என்ன என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும். “தரையில சுவரு கீது, நாய் கீது, சினிமா பாட்டு போடுன்னு நாலு பேரு வருவான். தண்ணியில இன்னா கீது? பெட்டியும் நானும்தான்.”

ஏரிக்கரையை ஒட்டி ‘ஜலீல் சவுண்ட் சர்வீஸ்’ என்று பலகை மாட்டிய கடை அவருடையது. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, மாதா கோயில் தேர் எல்லாவற்றுக்கும் அவருடைய மைக் செட்தான். நாற்பதைத் தாண்டிய ஆள். மெலிந்த உடம்பு, பெரிய காதுகள். எந்தப் பொருளைக் கண்டாலும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். கதவு, தண்ணீர்த் தொட்டி, பிரியாணி தேக்சா, எதையும் விடமாட்டார். மைத்துனிக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் அந்த வீட்டு அலமாரியைத் தட்டிவிட்டு, “இத்த குடுப்பீங்களா?” என்று கேட்டார். மாப்பிள்ளையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று மனைவி மெஹருன்னிசா இன்றைக்கும் குத்திக் காட்டுவார். ஆனால் கல்யாணம் நடந்தது, அலமாரியும் வந்தது. உள்தட்டுகளைக் கழற்றி, பின்பக்கத்தை இறுக மூடி, இரண்டு ஸ்பீக்கர்களைப் பொருத்தி அதைப் பெட்டியாக்கிவிட்டார்.

அவரிடம் பெட்டிகள் மூன்று. ஒன்று இந்த அலமாரி. இன்னொன்று பழைய பெரிய ரேடியோவின் கூடு. அதற்குப் பின்பக்கமே கிடையாது. மூன்றாவது, உடைந்த படகின் பலகையில் அவரே செய்தது. தூக்க நாலு பேர் வேண்டும். மூன்றுக்கும் முகப்புத் துணி கிடையாது. மெஹருன்னிசா பனை ஓலையில் பெட்டி முடைகிறவர். அந்தக் கையாலேயே பொடிக் கட்டம் போட்ட ஓலைத் திரை முடைந்து கொடுத்திருக்கிறார். துணியைவிட ஓலையில் கிடார் தெளிவாக வருகிறது என்று பாய் ஊரெல்லாம் சொல்வார். “அப்போ பலகையில என் பேரையும் எழுதுங்க” என்பார் அந்த அம்மாள்.

சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளி இரண்டு. ஒன்று மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய வால்வு ஆம்ப்ளி. சுவிட்சைப் போட்டால் வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம் கழித்துத்தான் வாயைத் திறக்கும். மற்றது புதிய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளி, தொட்டால் கத்தும். எதை எதோடு சேர்ப்பது என்பதுதான் அவருடைய ஓயாத விசாரம்.

“வால்வ ரேடியோ பெட்டில போடு, கிடாரு நெய் மாரி வழியும். ஆனா பந்தல தாண்டாது. டிரான்சிஸ்டர அலமாரில போடு, எளாவூரு செக்போஸ்டு வரைக்கும் போவும். ஆனா காதுல ஊசி குத்தும். படகுப் பெட்டியோ ரெண்டுங்கெட்டான். நான் இன்னா பண்றது, சொல்லு?”

ஓடுகிற செட்டை ஓடவிடுவது அவரால் ஆகாத காரியம். கல்யாண வீட்டில் ஒரு பெட்டியில் ஆரம்பித்த பாட்டு வேறு பெட்டியில்தான் முடியும். ஒருமுறை மூன்று பெட்டிகளையும் ஒரே ஆம்ப்ளியில் கட்டிவிட்டார். எந்த ஆம்ப்ளி எத்தனை பெட்டி தாங்கும் என்ற எட்டு ஓம், நாலு ஓம் கணக்கெல்லாம் அவருக்குத் தெரியும், ஆசைதான் கேட்கவில்லை. புகை வந்தது. அடுப்பில் மீன் தீய்ந்துவிட்டது என்று மெஹருன்னிசா ஓடி வந்தார்.

தானியேல் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். மாதா கோயில் பாடகர் குழுவில் பழகிய கை. இப்போது மெல்லிசைக் குழு ஒன்றிலும் கிடார் வாசிக்கிறான். பாயிடம் அவனுக்குள்ள பொறுமை அவன் மனைவியிடம்கூட இல்லை என்று சொல்வார்கள்.

பாய் ஏரிக்குள்ளேயே கழி நட்டு வம்பில் மாட்டிய கதை ஒன்று உண்டு. அதற்குக் காரணம் ஏரிக்கரை மீனவர் ஊரான கோட்டைக்குப்பத்தின் ஆடித் திருவிழா. அந்தக் கரையில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டுவது என்று குப்பங்கள் கூடி முறை வைத்துக்கொள்கின்றன. அந்த முறைக்கும் இடத்துக்கும் பாடு என்று பெயர். அடுத்தவர் பாடு இருக்கும் இடத்தில் ஒரு கழி ஊன்றினாலும் பெரிய வழக்காகிவிடும். இறால் இரவில்தான் வரும் என்பதால், திருவிழா ராத்திரியில் யாருக்குப் பாடு விழுகிறதோ அவர்கள் கச்சேரியை விட்டுவிட்டுப் படகில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். போன ஆடிக்கு முந்தின ஆடியில் அது ஊர்த்தலைவர் லோகநாதனுக்கே விழுந்தது. மறுநாள் பாயைப் பார்த்து அவர், “டிரம்மு கேட்டுச்சு பாய். உன் கிடாரு எங்க போச்சு?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவர் கேட்டு மறந்தார். பாய்க்குச் சோறு இறங்கவில்லை. “அவங்க திருவிழா, அவங்களுக்கே கேக்கலன்னா அப்புறம் இன்னாத்துக்கு நான்?” என்று புலம்பினார். அன்று தொடங்கியதுதான் இந்தப் படகுச் சவாரி.

போன ஆடிக்குச் சில நாள் முன்பு, மனக்கணக்கு போதாது என்று தோன்றியிருக்கிறது. சவுக்குக் கழிகளைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார். எந்த ஜோடியின் சத்தம் எங்கே தேய்கிறதோ அங்கே ஒரு கழி. வால்வும் ரேடியோவும் சேர்ந்தால் பச்சைத் துணி, வால்வும் படகுப் பெட்டியும் என்றால் மஞ்சள், டிரான்சிஸ்டரும் அலமாரியும் என்றால் சிவப்பு. பச்சைதான் கிட்டே, சிவப்புதான் தூரம். ஊன்றிய இடம் யாருடைய பாடு என்று அவர் யோசிக்கவே இல்லை. பாவம், அவர் காதால் மட்டும் பார்க்கிற மனிதர்.

இரண்டு ஆம்ப்ளியையும் இரண்டு பெட்டியையும் ஒன்றாகப் போட்டுப் பார்க்கும் ஆசையும் இருந்தது. ஆனால் சேர்த்துப் போட்டால் கிடாரின் கனம் காணாமல் போய்விடும். தானியேலைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் டார்ச் பேட்டரியை ஸ்பீக்கர் ஒயரில் தொட்டுப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. ஒரு பெட்டியில் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னால் தள்ளியது, மற்றதில் பின்னால் போனது. “ஒருத்தன் வான்றான், இன்னொருத்தன் போன்றான்! அப்புறம் எப்டிரா குடும்பம் நடக்கும்?” என்று சிரித்துக்கொண்டே ஒயரை மாற்றிக் கட்டினார். தண்ணீரில் போய்க் கேட்டுப் பார்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

மறுநாள் காலை டீக்கடையில் ஒரே அமளி. ராத்திரி பிடிபட்ட இறாலை விற்க வந்த கோட்டைக்குப்பத்துக் கஸ்தூரியம்மாள், கூடையை இறக்காமலே கத்திக்கொண்டிருந்தார். பக்கத்துக் குப்பத்துக்காரர்கள் வந்து கோட்டைக்குப்பத்துப் பாட்டில் கழி நட்டுவிட்டார்களாம். நடவில்லை என்று அவர்கள் சத்தியம் செய்கிறார்களாம். விடிந்ததிலிருந்து இரண்டு ஊரிலும் ஒரு படகுகூட இறங்கவில்லை. எல்லாரும் மணலில் கழியும் கையுமாக நிற்கிறார்கள்.

எல்லாரையும்விடச் சத்தமாகக் கொதித்தவர் ஜலீல் பாய்தான். “எவன்டா அவன்? அடுத்தவன் சோத்துல கைய வெக்கிறவன் கால ஒடிக்க வாணாமா?”

“நல்லா கேளு பாய்! அதுவும் கொடி கட்டிகீறான். பச்சையில வெள்ளப் பூ போட்ட ரவிக்கத் துணி. எவ ஊட்டுல எடுத்தானோ.”

பாய் டீயைக் கீழே வைத்தார். அந்த ரவிக்கைத் துணியை அவர்தான் மனைவிக்குப் பொன்னேரியில் வாங்கிக் கொடுத்திருந்தார்.

வீட்டுக்கு ஓடி மனைவியிடம் சொன்னார். மெஹருன்னிசா ஓலையைக் கீழே போடாமலே, “போயி சொல்லிடுங்க. என் ரவிக்கைய வெச்சி ரெண்டு ஊரு வெட்டிக்கினா எனக்குத்தான் அசிங்கம்” என்றார். பாய் வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். ஆனாலும் போனார்.

மணலில் இரண்டு ஊர்க்காரர்களும் எதிரெதிரே நின்றார்கள். நடுவில் போய் நின்று பாய் எல்லாவற்றையும் சொன்னார்.

“பாட்டு கேக்குதான்னு பாக்க காதுதானய்யா வோணும்? கழி எதுக்கு?” என்றார் பக்கத்துக் குப்பத்துத் தலைவர் வீரராகவன். கூட்டம் சிரித்தது. லோகநாதன் சிரிக்கவில்லை.

“அவங்கள காப்பாத்த நீ கத கட்டுறியா பாய்?”

“அல்லா மேல ஆணையா இல்ல தலைவரே. போன வருசம் நீதானே கேட்ட, கிடாரு எங்க போச்சுன்னு?”

லோகநாதன் அவரை ஒரு கணம் பார்த்தார். தான் கேட்டதே அவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது போலிருந்தது. ஆனாலும் ஊர்த்தலைவர் அவ்வளவு சுலபமாக இளகிவிட முடியுமா? “சரி. ஒவ்வொரு கழியாண்டயும் போவோம். நீ சொல்ற மாரி கேட்டுச்சின்னா புடுங்கிப் போட்டுட்டு வந்துடுவோம். கேக்கல, நீ சொன்னது பொய்யி. திருவிழாவுக்கு வேற செட்டு வரும். இவங்களுக்கும் எங்களுக்கும் வழக்கு அப்டியே நிக்கும். எது எப்டியோ, இனிமே ஏரியில ஒரு குச்சிகூட ஊனமாட்டேன்னு இப்பவே சொல்லு.”

“ஊனமாட்டேன்” என்றார் பாய்.

தானியேல் கரையில் செட்டைத் தயார் செய்தான். இரண்டு தலைவர்களும் ஆளுக்கொரு படகில் ஏறினார்கள். பாய் லோகநாதனோடு ஏறினார். பேச்சிலேயே நேரம் போய்விட்டதால் கடல் பக்கமிருந்து கொண்டல் காற்று எழும்பிவிட்டது. பச்சைக் கழியருகே போய்ப் பாய் துண்டை வீசினார். தூரத்தில் தானியேலின் கை அசைவது தெரிந்தது. சத்தம்தான் வரவில்லை. தண்ணீர் படகில் மோதுவது மட்டும் கேட்டது.

காற்றைக் குறை சொன்னால் சாக்கு என்பார்களே என்று பயந்து பாய் வாயே திறக்கவில்லை.

லோகநாதன்தான் முகத்தைக் காற்றுக்குக் காட்டினார். “கொண்டல் அடிக்குது. எதிர்க்காத்துல எப்டிய்யா கேக்கும்?”

“அதானே!” என்றார் வீரராகவன் அந்தப் படகிலிருந்து. “எதிர்க்காத்துல கூப்ட்டா பக்கத்துப் படகுக்கே கேக்காது.”

அன்றைக்கு இரண்டு தலைவர்களும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. லோகநாதன் கழியைப் பிடுங்கிப் படகில் போட்டுக்கொண்டு கரைப் பக்கம் தள்ளினார். ஓரிடத்தில் கிடார் காதில் விழுந்தது. “இங்க கேக்குது!” “எங்க? இன்னும் உள்ள வா!” “உனக்குக் காது அடச்சிகிச்சா?” என்று இருவரும் வழக்கை மறந்து இதற்குச் சண்டை போட்டார்கள். பிறகு பாய் துண்டை இரண்டு முறை வீசினார், மஞ்சள் ஜோடி பாடியது. அது பச்சையைவிடத் தள்ளிக் கேட்டது. சிவப்பு அதையும் தாண்டியது. காற்று தூரத்தைக் குறைத்திருந்தாலும் வரிசை பாய் சொன்ன வரிசைதான். அப்படியே போய் மற்றக் கழிகளையும் பிடுங்கிக்கொண்டு படகுகள் கரைப் பக்கம் திரும்பின.

“பாய் சொன்னது நெசம்தான்” என்றார் லோகநாதன். வீரராகவன் தன் ஆட்களைப் பார்த்து, “போயி வலைய எடுங்கடா” என்று குரல் கொடுத்தார். பாய் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

வந்த வேலை முடிந்தும் யாரும் கரையேறவில்லை. வீரராகவனுக்குச் சிவப்புதான் பிடித்திருந்தது. “சுருக்குனு கீது.” லோகநாதன் முகத்தைச் சுளித்தார். “பல்லு கூசுது. அந்தப் பச்சைதான் வயித்துல எறங்குது. ஏன் பாய், ரெண்டையும் சேத்துப் போட முடியாதா?”

இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று ஜலீல் பாய் வருடக்கணக்காகக் காத்திருந்தவர். எழுந்து நின்று, இரண்டையும் சேர்த்துக் கட்டு என்பதுபோல் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றினார். கரையில் தானியேல் குனிந்து ஏதேதோ செய்தான். பிறகு கிடார் வந்தது. நெய்யும் இருந்தது, ஊசியும் இருந்தது, ஊசி குத்தவில்லை. கனம் எங்கும் போய்விடவில்லை.

லோகநாதன் படகைத் தள்ளினார். பச்சைக் கழி இருந்த இடம் போனது, மஞ்சள் போனது, எதிர்க்காற்றிலும் சிவப்பு இருந்த இடத்தைத் தாண்டிப் படகு போய்க்கொண்டிருந்தது. கிடார் மெலிந்தது, ஆனால் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியே கேட்டது. ஓரிடத்தில் அவர் தள்ளுவதை நிறுத்தினார்.

“இங்கதான் பாய் போன வருசம் எனக்குப் பாடு. ராத்திரி பூரா இந்த எடத்துலதான் ஒக்காந்துகினு இருந்தேன்.”

பாய் சுற்றுமுற்றும் பார்த்தார். பிடுங்கிய கழிகள் படகின் அடியில் துணியோடு கிடந்தன. ஒன்றை எடுக்கக் கை போனது. சொன்ன வாக்கு நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு படகின் விளிம்பைத் தாண்டித் தண்ணீரில் இறங்கினார்.

“யோவ், இன்னா பாய், எங்க எறங்குற?”

“நீங்க போங்க தலைவரே. எது வரைக்கும் வந்துச்சின்னு தானியேலு கரையிலேர்ந்து பாக்கணும் இல்ல?”

காலடியில் சேறு இழுத்தது. மார்பளவு தண்ணீரில் இரண்டு கால்களையும் நன்றாக ஊன்றிக்கொண்டு, வலது கையைத் தலைக்கு மேல் நேராக உயர்த்தி, ஜலீல் பாய் அசையாமல் நின்றார்.