ஒற்றைக் காலில் ஏழுமலை

போன திங்கட்கிழமை காலை ஷிப்டில் எங்கள் ஏழுமலை மறுபடி கிரேன் ஏறினார்! சென்னை பாடியில் இருக்கும் எங்கள் தொழிற்சாலையில் ஷெட் முழுக்கக் கைதட்டல். டைம் ஆபீஸில் வருகைப் பதிவு எழுதிக்கொண்டிருந்த நானும் பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன். கிரேன் ஏறுவதெல்லாம் ஒரு விஷயமா என்கிறீர்களா? கேளுங்கள்.

ஏழுமலை பதினைந்து வருடமாக ஓவர்ஹெட் கிரேன் ஆபரேட்டர். கூரைக்குக் கீழே, உயரத்தில் ஒரு கூண்டு. அங்கே உட்கார்ந்துதான் டன் கணக்கில் இரும்பைத் தூக்கி இறக்குவார். போன மழைக்காலத்தில் காதுக்குள் ஏதோ கோளாறு, தலைசுற்றல். மருந்தில் காது சரியாகிவிட்டது... தள்ளாட்டம் மட்டும் போகவில்லை. கம்பெனி டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"ரெண்டு மாசம் டைம். ஒத்தைக் கால்ல நின்னு காட்டணும். ஆடினா, ஏணி பக்கமே விடமாட்டேன்."

அதுவரை கேட்டில் லாரி நம்பர் எழுதும் வேலை. மனிதர் நொந்துபோனார். "மேலயே இருந்த ஆளு சார் நானு. கீழ இன்னா பண்றதுன்னே தெர்ல."

கொரட்டூர் ஸ்டேஷன் பக்கம் தையல் கடை வைத்திருக்கும் காதர் பாயிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். பூந்தமல்லிக்காரர். பல வருடம் மலேசியாவில் ஒரு சீனர் கடையில் தைத்தவர்.

"தாய் சீ பண்ணச் சொல்லுங்க சார், சீனாக்காரங்க உடற்பயிற்சி. காலுக்கு பலம் வரும், உடம்பு ஆடாது. என் முதுகு வலி போனதே அதுலதான்."

தானே சொல்லித்தருவதாகவும் சொன்னார். மறுநாள் காலை ஏழுமலை கொரட்டூர் ஏரிக்கரையில் ஆஜர். துணைக்குப் போன என்னையும் வரிசையில் நிறுத்திவிட்டார் பாய். நிறுத்தட்டும்... பேண்ட் மாட்டக்கூட பீரோவைப் பிடித்துக்கொள்கிற ஆள்தானே நான்!

பாய் கையை உயர்த்தினார், இறக்கினார், காலை நகர்த்தினார். அவ்வளவுதானே? நாங்கள் இருவரும் தொழிற்சாலை ஆட்கள் — சங்கு ஊதுவதற்குள் டார்கெட்டை முடித்தே பழகியவர்கள். பாய் பாதியில் இருக்கும்போதே மொத்தத்தையும் முடித்துவிட்டுப் பெருமையாக நின்றோம்.

"முடிஞ்சிது பாய். அடுத்தது இன்னா?" என்றார் ஏழுமலை.

சைக்கிளில் போன பால்காரர் வேறு, "இன்னா அண்ணாத்தே, ஊட்டுக்கு வெள்ளையடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்குக் கோபமான கோபம்.

பாய் கோபப்படவில்லை. ஏழுமலையைத்தான் கேட்டார்: "கிரேன்ல லோடு தொங்குது. எப்படி ஓட்டுவீங்க?"

"மெதுவாத்தான். லோடு ஆடக் கூடாதே."

"இப்ப உங்க உடம்புதான் லோடு. ஓட்டுங்க."

அடடா! ஏழுமலையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சட்டென்று பிடித்துக்கொண்டார். வலது காலில் இருந்த கனத்தை, சங்கிலியில் தொங்கும் இரும்பை நகர்த்துகிற நிதானத்தோடு, இடது காலுக்கு மாற்றினார். ஆடவே இல்லை. எனக்குத்தான் வியர்த்துக் கொட்டியது. மெதுவாகச் செய்வது இவ்வளவு கஷ்டமா?

தினமும் போனோம். சில வாரங்களில் என் முழங்கால் மாடிப்படியில் முனகுவதை நிறுத்தியது. படுத்ததும் தூக்கம். ஆபீஸில் நான் எரிந்து விழுவது குறைந்துவிட்டதாகப் பேச்சு — அதை நான் நம்பவில்லை! ஏழுமலை மட்டும் நாளை எண்ணிக்கொண்டிருந்தார். "தோத்துட்டா கேட்டு வேலைதான் சார், ரிட்டயர் ஆவறவரிக்கும்."

சோதனை நாள். டாக்டர் அறையில் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "காலைத் தூக்கு," என்றார் டாக்டர். ஏழுமலை மெ...து...வா...கத் தூக்கினார். அந்த நேரம் பார்த்து போன் மணி! டாக்டர் யாரிடமோ வீட்டு வாடகை முதல் மாமியார் வருகை வரை பேசி முடித்துத் திரும்பினார். ஏழுமலை அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"யோவ், இன்னுமா நிக்கிறே?"

"நீங்க எறக்கச் சொல்லலியே சார்."

டாக்டர் கையெழுத்துப் போட்டார். வராந்தாவில் ஏழுமலை என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும்தான் அழுதேன், அதில் என்ன வெட்கம்?

என் வீட்டு பீரோவுக்கும் இப்போது காலை நேரத்தில் ஓய்வு.