வளராத குஞ்சுகளும் பாவாவும்

ஒரே நாளில் ஷெட்டுக்கு வந்து இறங்கிய இரண்டு கோழிக்குஞ்சுகளை இரண்டு கைகளிலும் ஏந்திப் பாவாவிடம் நீட்டினேன். இரண்டுக்கும் மூன்று வார வயது. வலது கையில் இருந்தது கனத்தது. இடது கையில் இருந்தது வந்த அன்றைவிடச் சற்றே பெரிது. கால்கள் வெளுத்து, இறக்கை தாறுமாறாக முளைத்து, பின்பக்கம் கழிச்சலில் நனைந்து ஒட்டிக் கிடந்தது. பாவா இரண்டையும் பார்த்துவிட்டு, "வீட்டுல ஒரு புள்ள குண்டா இருக்கும், ஒண்ணு ஒல்லியா இருக்கும். அதுக்கு இன்னா இப்போ?" என்றார். அவர்மேல் எனக்கு வந்த முதல் கோபம் அது. கடைசிக் கோபம் இன்னும் வரவில்லை.

பாவா என் அக்காவின் கணவர். தொண்ணூறுகளின் கடைசியில், ஆர்.கே.பேட்டைப் பக்கத்தில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த விசைத்தறிகளை விற்றுவிட்டுப் பிராய்லர் ஷெட் போட்டார். யாரையும் கேட்கவில்லை. படிப்பை முடித்து வேலை கிடைக்காமல் அவர்கள் வீட்டில் இருந்த நான்தான் தீனி போட்டு, தண்ணீர் வைத்து, செத்ததைப் பொறுக்கினேன். முதல் இரண்டு பேட்ச்சும் நன்றாக வந்தன. மூன்றாவதில் கழிச்சல் கண்டது. தின்ற மக்காச்சோளம் அப்படியே எச்சத்தில் கிடந்தது. கடையில் கொடுத்த எந்தப் பொடிக்கும் நிற்கவில்லை. கோழி பிடிக்க வந்த கனகம்மாசத்திரத்து வியாபாரி வாசலிலேயே நின்று, "இன்னாங்க இது, கோழி வாங்க வந்தா காடைய காட்றீங்க?" என்று கேட்டுவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிப் போனார்.

பாவா காரணம் தேட ஆரம்பித்தார். தீனியை மாற்றினார். தண்ணீர்த் தொட்டி ஈசானிய மூலையில் இல்லை என்று இடித்துக் கட்டினார். மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். நான்காவது பேட்ச்சும் அப்படியே குன்றி நின்றது. சாப்பிட உட்கார்ந்தவர், எனக்குக் கேட்கும்படியாக அக்காவிடம் சொன்னார்: "உன் தங்கச்சி கை வெக்கறதாலதான் இப்பிடி ஆவுது." முதல் இரண்டு பேட்ச்சுக்கும் கை வைத்தது யாராம்? அக்கா வாயைத் திறக்காமல் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். பாவாவைவிட அன்று அவள்மேல்தான் எனக்கு எரிச்சல்.

மறுநாள், வளராத குஞ்சுகள் மூன்றை ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு திருத்தணியில் எலக்ட்ரிக் ரயில் ஏறினேன். எதிர் சீட்டில் இருந்த மொட்டைத்தலை அம்மாள், "இதுங்களுக்கும் டிக்கெட் வாங்கிட்டியாம்மா?" என்றாள். சிரிக்க முடியவில்லை. சென்னையில் கால்நடை டாக்டர் குஞ்சுகளில் ஒன்றை அறுத்துக் காட்டினார். குடல் நனைந்த காகிதம் போல வெளுத்து, உள்ளே நுரையும் தண்ணீருமாக இருந்தது. "இது குடல்ல வர்ற வைரஸ்மா. மருந்து கிடையாது. எச்சத்துலயே தங்கி அடுத்த பேட்ச்சுக்கும் வரும். ஷெட் தரையில பரப்பியிருந்த பழைய உமிய முழுசா எடுத்தீங்களா?" என்று கேட்டார். எடுத்தாகிவிட்டது என்றேன். பாவா அப்படித்தான் சொல்லியிருந்தார்.

வீடு திரும்பியதும் ஷெட்டுக்குள் போய் மண்வெட்டியால் ஓர் இடத்தைக் கொத்தினேன். புது உமிக்கு அடியில், பழைய உமி கறுத்துப் பிசுபிசுவென்று தரையோடு ஒட்டிக் கிடந்தது. பின்னாலேயே வந்த பாவா, "மேல புதுசு போட்டாச்சில்ல? கீழ இருக்கறத கோழி பாத்துகினா இருக்குது?" என்றார்.

வாசலில் நின்றிருந்த அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள். "நீங்க கொஞ்சம் ஒதுங்குங்க" என்றாள். அவள் அவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அவரும் கேட்டிருக்க மாட்டார்; ஒதுங்கிவிட்டார்.

இருந்த கோழிகளைக் கழித்துவிட்டு, அக்காவும் நானும் தரை தெரியும்வரை சுரண்டினோம். கழுவி, சுண்ணாம்பு அடித்து, சில வாரங்கள் ஷெட்டைச் சும்மா போட்டோம். அடுத்த பேட்ச் ஒன்றுபோல வளர்ந்தது. அதே வியாபாரி வந்து, "ஆங், இது கோழி" என்றார். எல்லாம் தொட்டியை இடம் மாற்றிய பலன் என்று பாவா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

போன மாதம் திருத்தணியில் ஒரு கல்யாணம். புதிதாக ஷெட் போடப்போகும் உறவினர் ஒருவர் பாவாவிடம் யோசனை கேட்டார். பாவா நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "எல்லாம் வைரஸ்ப்பா. பழைய உமிய சுத்தமா சுரண்டிடணும். நான் அப்பவே தலபாடா அடிச்சிகினேன், வீட்டுல யாரு கேட்டாங்க?" என்றார்.

எழுந்திருக்கப் போன என் மணிக்கட்டை அக்கா பிடித்து அழுத்தினாள்.

"விடுடி, சரியாத்தான சொல்றாரு."

சரியாகத்தான் சொன்னார். அதைத்தான் தாங்க முடியவில்லை.