பரிசத்துக்கு வந்தவர்களுக்குச் சாயத்தண்ணி

அட்டனில் ரயிலேறினால் தலைமன்னாரில் போய் இறங்கலாம். ஊர் உலகமெல்லாம் அப்படித்தான் இந்தியாவுக்குப் போனது. எங்கள் வீட்டுக்காரர் மட்டும் பஸ்ஸில்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். அவர் தோட்டத்து லொறி டிரைவர். தேயிலைப் பெட்டிகளை ஃபேக்டரியிலிருந்து ஸ்டேஷனுக்கு இறக்குகிறவருக்கு ரயில் என்றாலே இளக்காரம். "தண்டவாளத்துல ஓட்ட டிரைவர் எதுக்கு? அது தானா போகும்" என்பார்.

பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டைத்தான் பிடிப்பார். கினிகத்தேனை வளைவுகளில் டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் இவர் காலும் சேர்ந்து அழுத்தும். கண்டியில் மாறினோம், அனுராதபுரத்தில் மாறினோம். எந்த பஸ் ஏறினாலும் சிங்களத்தில் டிரைவருக்குப் புத்தி சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு மானம் போனது. முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறவள்போல நடித்தேன்.

விளையாட்டுக்குப் போன பயணம் இல்லை அது. நாங்கள் இருவருமே திம்புள்ளப் பக்கத்துத் தோட்டத்து லயங்களில், கூலிக்காரர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். ஆனாலும் இலங்கைப் பிரஜாவுரிமைக்குப் போட்ட மனு தள்ளுபடியாகிவிட்டது. என்றைக்காவது மூட்டையைக் கட்டச் சொன்னால் எங்கே போய் இறங்குவது? துறையூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் அவருடைய அண்ணன் இருந்தார். மாமனாரும் மாமியாரும் மலைக்கு வரும்போது சொந்தக்காரர்களிடம் விட்டுவிட்டு வந்த மூத்த பிள்ளை. அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் போட்டோவில் பார்த்ததுதான். அண்ணன் மகளுக்குப் பரிசம் போடுகிறார்கள் என்று சேதி வந்ததும், அதைச் சாக்காக வைத்துக் கிளம்பினோம். கொல்லைப்பக்கம் ஒரு குடிசை போட்டுக்கொள்ள இடம் கேட்க வேண்டும். அதை எப்படிக் கேட்பது என்று வழி முழுக்க என்னிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கினோம். அங்கிருந்து மண்டபம் வரைக்கும் ரோடு கிடையாது. வேறு வழியில்லாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ரயிலில் உட்கார்ந்திருந்தார். மண்டபத்தில் பஸ் ஏறியதும்தான் உயிர் வந்தது. ராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை என்று ஒவ்வொரு ஊர் போர்டையும் சத்தமாகப் படித்தார். கண்ணுக்கெட்டிய தூரம் கருவேல முள்ளும் வெயிலும். "இதெல்லாம் ஒரு ரோடா? நேரா கோடு போட்ட மாதிரி கெடக்கு. நம்ம ரோட்டுல ஒரு நாளு ஓட்டிப் பாருங்கண்ணே, தெரியும்" என்று டிரைவரிடம் சவால்விட்டார். "கண்டிச் சீமையா?" என்று அவர் சிரித்தார். பஸ்ஸே சிரித்தது. இவரும் சேர்ந்து சிரித்தார். எனக்குத்தான் உடம்பு கூசியது.

அண்ணன் வீட்டில் குறை சொல்ல முடியாது. வாசலிலேயே தம்பியைக் கட்டிப்பிடித்து அழுதார். அவர் மனைவியை நான் அக்கா என்றே கூப்பிட்டேன். சோறு போட்டு, பாய் விரித்து, எங்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள்.

பரிசத்தன்று காலையில் மாப்பிள்ளை வீட்டார் வில்வண்டிகளில் வந்து பந்தலில் உட்கார்ந்தார்கள். அக்கா பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். அடுப்படியில் ஆளில்லை. நம் கைப்பக்குவத்தைக் காட்ட இதுதான் சமயம் என்று நினைத்தேன். ஃபேக்டரி டீமேக்கரிடம் கெஞ்சி வாங்கி, துணிக்கு நடுவில் பொத்திக் கொண்டுவந்த நல்ல தேயிலைத் தூள் என்னிடம் இருந்தது. தண்ணீரைக் கொதிக்கவைத்துத் தாராளமாகத் தூள் போட்டு, சீனி கலந்தேன். உறியில் பால் இருந்தது. தொடவில்லை. எங்கள் லயத்தில் பால் கைப்பிள்ளைக்கும் நோயாளிக்கும்தான். பெரிய மனிதர் வந்தால் நல்ல தூளாகப் போட்டுச் சாயத்தண்ணி கொடுப்பதுதான் மரியாதை. "இந்தத் தூள்ல போயி பால ஊத்திக் கெடுப்பாங்களா?" என்று வீட்டுக்காரரும் ஒத்து ஊதினார். தட்டை அவரே வாங்கிக்கொண்டு போய்ப் பந்தலில் நீட்டினார்.

மாப்பிள்ளையின் அத்தை டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். அப்படியே தரையில் வைத்தார். பக்கத்தில் இருந்தவர்களும் ஒவ்வொருவராகக் கீழே வைத்தார்கள்.

"என்னங்க இது? நாங்க பரிசம் போட வந்தமா, எழவு கேக்க வந்தமா?"

அந்தப் பக்கத்தில் பாலில்லாமல் எதையும் நல்ல காரியத்துக்குக் கொடுப்பதில்லையாம். சாவு வீட்டுக்கு வருகிறவர்களுக்குத்தான் வரக்காப்பி. எங்களுக்கு யார் சொன்னார்கள்? அக்கா உள்ளேயிருந்து ஓடிவந்து, வந்தவர்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "கண்டிக்காரவுக, வெவரம் தெரியாம செஞ்சுட்டாக. மனசுல வச்சுக்காதீக" என்று கெஞ்சினார். பெண் கதவோரம் நின்று அழுதது. டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு போய்ச் சாணிக்குழியில் நானேதான் கொட்டினேன். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

பந்தல் விளக்கை அணைத்து மறுபடி ஏற்றி, பால் காப்பி கொடுத்து, ஒருவழியாகச் சமாதானம் ஆனார்கள். "நீங்க ரெண்டு பேரும் செத்த நேரம் பின்னால இருங்க" என்றார் அண்ணன். மாட்டுக்கொட்டகையில் நின்று குலவைச் சத்தத்தைக் கேட்டோம். வீட்டுக்காரர் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "நல்ல மாடு புள்ள" என்றார்.

மறுநாள் காலையில் அண்ணன் எங்களை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சொல்லிச் சொல்லிப் பார்த்து வந்ததைத் தொடங்கப் போனார். அதற்குள் அண்ணனே பேசிவிட்டார்.

"தம்பி, எப்படியாச்சும் அங்கனயே இருந்துக்கப் பாருங்க. ஒங்க பழக்கம் வேற, எங்க பழக்கம் வேற. இங்க வந்தா ஒங்களுக்கு ஒத்து வராதுப்பா."

"சரிண்ணே" என்றார் இவர். குடிசைக்கு இடம் கேட்கவே இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டு காலியாகக் கிடந்தது. அதைத் தாண்டிப் போய்க் கடைசிச் சீட்டில் உட்கார்ந்தார். மானாமதுரை வந்தது, பரமக்குடி வந்தது. ஒரு போர்டைக்கூடப் படிக்கவில்லை. தலைமன்னாரில் இறங்கியதும் நேராக ரயில் டிக்கெட் எடுத்தார். போகும்போது அவர் வாயை மூடமாட்டாரா என்று ஏங்கினேன். இப்போது ஏதாவது பேசமாட்டாரா என்றிருந்தது.

லயத்துக்கு வந்து சேர்ந்தபோது மழை. சுவரொட்டிய பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அக்கா எங்களைப் பார்த்ததும் அடுப்பை ஊதித் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தார். கறுப்பாக, ஆவி பறக்க, நாங்கள் பிறந்ததிலிருந்து குடிக்கிற அதே சாயத்தண்ணி.

"ஊரெல்லாம் எப்படிங்க தம்பி இருக்கு?"

வீட்டுக்காரர் டம்ளரைக் கையில் வாங்கி, உள்ளே எட்டிப் பார்த்தார். பந்தலில் அந்த அத்தை பார்த்த மாதிரியே இருந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"கொஞ்சம் பால் இருக்குங்களாக்கா?"

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. "ஐயோ, ஊருக்குப் போயிட்டு வந்தவங்களுக்கு இதப் போயி குடுத்துட்டேனே" என்று தலையில் கை வைத்துக்கொண்டு தன் காம்பராவுக்கு ஓடினார். மகளின் கைப்பிள்ளைக்காக எடுத்துவைத்திருந்த பாலைக் கொண்டுவந்து டம்ளரில் ஊற்றினார். கிண்ணத்தைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை ஊற்றினார். உள்ளே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது.

அவர் குடித்தார்.

"இப்ப நல்லாருக்குங்களா தம்பி?"

"நல்லாருக்குக்கா" என்றார். அக்காவின் முகத்தை அவர் பார்க்கவில்லை. என்னாலும் பார்க்க முடியவில்லை.