முதிரை அடிக்கட்டையில் என் இலக்கம்

பிள்ளைகள், போன கிழமை பள்ளிக்கூடத்தால் வந்து நீங்கள் மூன்று பேரும் ஒரு கதை சொன்னீர்கள். பக்கத்து வளவு மாமியின் மகளைப் பொடியள் காட்டோரத்தில் இருக்கும் முதிரை அடிக்கட்டைக்கு இழுத்துக்கொண்டு போய், "இந்தா, உன்ர கொப்பர் வெட்டின மரம். மரக்கள்ளன்ர மகள்" என்று சொன்னார்களாம். சொல்லும்போது சின்னவர்கள் இருவரும் சிரித்தீர்கள். மூத்தவள் சிரிக்கவில்லை, தம்பிமாரைத் தடுக்கவும் இல்லை. நான் கை கழுவுகிற சாட்டில் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

உங்களில் எனக்குக் கோபம் இல்லை. தெரியாத ஒன்றுக்காகப் பிள்ளைகளை ஏசக் கூடாது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்து எனக்குச் சரளமாக வராது. ஆனால் இதை வாயால் சொல்லத் தொடங்கினால் நடுவில் நின்றுபோவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த மரத்துக்காக நீதிமன்றத்தில் குற்றவாளி என்று பதியப்பட்டவன் மாமா அல்ல. நான்.

உங்கள் அப்பப்பாவுக்கு வாய்க்கால் பக்கம் வயல் கிடைத்தது உங்களுக்குத் தெரியும். அரசாங்கக் காணி ஒரு பிள்ளைக்குத்தான் போகும். அது பெரியப்பாவுக்குப் போனது. நான் உங்கள் அம்மாவோடு ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, காட்டோரத்தில் பற்றை வெட்டிக் குடில் போட்டேன். மலைநாட்டில் எழுபத்தேழுக் கலவரத்தில் வீடுகள் எரிந்த பிறகு, மாமாவும் மாமியும் ஒரு தகரப் பெட்டியோடு வந்து பக்கத்தில் குடில் போட்டார்கள். பிறகு இன்னும் மூன்று வீடுகள் வந்தன. ஐந்து வீட்டுக்கும் பெமிற், அரசாங்க அனுமதிப்பத்திரம், இல்லை. நாங்கள் இருந்தது காட்டு இலாகாக் கந்தோரின் கணக்கில் காடு.

போகத்துக்கு ஒரு தடவை காட்டுக் காவலர்கள் வருவார்கள். வந்தால் யாராவது ஒருவர் மீது வழக்குப் பதியாமல் போக மாட்டார்கள். பற்றை வெட்டியது, தடி வெட்டியது என்று ஏதாவது இருக்கும். முதல் தரம் என்றால் தண்டத்தோடு விடுவார்கள், இரண்டாம் தரம் மறியல், சிறைதான் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆகவே நாங்கள் ஒரு ஒழுங்கு செய்தோம். வாய்க்காலில் தண்ணீருக்கு முறை வைக்கிறார்கள் அல்லவா, இன்று உன் வயல், நாளை என் வயல் என்று. அதைப் போல வழக்குக்கும் முறை வைத்தோம். யார் வெட்டியிருந்தாலும் முறைக்காரர்தான் "நான் வெட்டினனான்" என்று எழும்ப வேண்டும். விதைப்புக்கு முன்னம் குளக்கட்டில் கூடும்போது ஒருவர் கேட்பார்: "இந்தப் போகம் ஆர் கள்ளன்?" நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அதுதான் நாங்கள் விட்ட பிழை. பாய்ந்த தண்ணீர் காய்ந்துவிடும், அடுத்தவன் முறை வரும். வழக்கும் அப்படி ஓடி முடிந்துவிடும் என்று நினைத்தோம்.

ஒரு மாரியில் மாமாவின் குடிலை யானை தள்ளிவிட்டது. மாமியும் கைக்குழந்தையும் எங்கள் குசினிக்குள் கிடந்தார்கள். உங்கள் பள்ளிக்கூடத்துப் பொடியள் பகிடி பண்ணிய பிள்ளைதான் அந்தக் கைக்குழந்தை. குடிலைத் தாங்க, யானை தள்ளினாலும் நிற்கிற கப்பு ஒன்று வேண்டும் என்று மாமா முதிரையில் கைவைத்தார். எங்கள் முற்றத்துக்கு அந்தச் சத்தம் கேட்டது. மாமா நாலு கொத்துக் கொத்தினால் கொஞ்சம் நிற்பார். உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்ப்பார். பிறகு நாலு கொத்து. அந்த இடைவெளியை வைத்தே ஆளைச் சொல்லலாம்.

கப்பை நட்டு, மண் பூசி மறைத்த பிறகு காவலர்கள் வந்தார்கள். மிச்ச மரம் காட்டில் கிடந்தது. அடிக்கட்டையின் பக்கத்தில் பட்டையைச் சீவி, சுத்தியலால் அடையாளம் அடித்து, கீழே சிவப்புப் பூச்சால் ஓர் இலக்கம் எழுதினார்கள். மாமாவின் முறை முந்திய போகமே முடிந்திருந்தது. அதோடு அவர் பிரசாவுரிமைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். இன்னொரு வழக்கு வந்தால் அதுவும் போச்சு. இந்தப் போகம் என் முறை. நான் எழும்பினேன்.

முல்லைத்தீவு நீதிமன்றத்தில் என்னைக் கூண்டில் ஏற்றி, "குற்றவாளியா, சுற்றவாளியா?" என்று கேட்டார்கள். சுற்றவாளி என்றால் குற்றமில்லாதவன். "குற்றவாளி" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. தண்டமும் ஒத்திவைத்த மறியலும். இந்த வருடங்களுக்குள் இன்னொரு குற்றம் செய்தால் உள்ளே போக வேண்டும் என்று விளங்கப்படுத்தினார்கள். பத்து விரலையும் மையில் உருட்டி எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து தேசிக்காயால் தேய்த்தேன். மை போய்விட்டது. உங்கள் அம்மா மட்டும் பல நாள் நான் சோறு குழைக்கும்போது என் விரலைப் பார்த்தபடி இருந்தா.

அதற்குப் பிறகு நான் வேலிக்கு நடுகிற கதியால்கூட வெட்டவில்லை. மாமாதான் வந்து வெட்டித் தந்து, தன் கைக்கோடரியை எங்கள் குசினிப் பரணிலேயே வைத்துவிட்டுப் போவார்.

"அண்ணே, நீங்க கத்தியத் தொடாதீங்க. இந்தக் கோழி பாத்தாக்கூட கோர்ட்டுல போயிச் சாட்சி சொல்லிரும்."

"சிரியடா. மறியலுக்குப் போறது நான்."

"போக விட மாட்டேண்ணே. காணிக்கச்சேரி வரட்டும். அங்க ஊரு முன்னாடி நானே எந்திரிச்சுச் சொல்றேன், வெட்டுனது நான்னு."

காணிக்கச்சேரி என்றால், காணி அதிகாரி ஊருக்கே வந்து, கேட்டவர்களின் பெயரை வாசித்து, இவருக்குக் காணி கொடுக்க ஆட்சேபம் உண்டா என்று எல்லோர் முன்னாலும் கேட்கிற நாள். வழக்குப்பட்டவனுக்கு எதிராக அங்கே யாரும் கைகாட்டலாம். அங்கே எழும்பி உண்மையைச் சொல்வேன் என்று மாமா பல தரம் சொன்னார். குடித்துவிட்டும் சொன்னார், குடிக்காமலும் சொன்னார்.

பிறகு ஒரு நாள், மலைநாட்டில் இருந்து வருகிற தன் தாயைக் கூட்டிவர வவுனியாவுக்கு பஸ் ஏறினார். ஓமந்தையில் ஆமி பஸ்ஸை மறித்து ஆம்பிளையளை இறக்கினார்களாம். ஏழெட்டுப் பேரைத் திரும்ப ஏற்றவில்லை. அதில் மாமாவும் ஒருவர் என்று, பின் சீற்றில் இருந்து வந்த ஒரு கிழவி சொன்னா. மாமி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு எத்தனையோ முகாம் வாசலில் நின்றா. அப்படி ஓர் ஆளே இல்லை என்றார்கள். வழக்கில்லை, நீதவான் இல்லை, மை இல்லை. என்னையாவது குற்றவாளியா சுற்றவாளியா என்று ஒருவர் கேட்டார். மாமாவிடம் அதையும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்த வருடத்தில் இருந்துதான் எனக்கு அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கியது. பொழுதுபடுகிற நேரம், அடிக்கட்டைப் பக்கம், நாலு கொத்து. பிறகு ஓர் இடைவெளி.

"அது மரங்கொத்தி" என்றா உங்கள் அம்மா.

மரங்கொத்தி கையில் எச்சில் துப்புவதற்காக நிற்காது.

சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்தபோது காணிக்கச்சேரி என்று அறிவித்தல் வந்தது. எங்கள் பெயரும் மாமியின் பெயரும் இருந்தன. உங்கள் அம்மாவுக்கு நித்திரை போய்விட்டது.

"பக்கத்து வீட்டு அவாவை ஒருக்காக் கேளுங்கோவன். உண்மையைத்தானே சொல்லப் போறா."

"கேக்க மாட்டன்."

"அப்ப மூண்டு பிள்ளையளோட நான் எங்க போறது? உங்கட முறையையும் கட்டிக்கொண்டு நீங்கள் இருங்கோ."

"அந்தத் தங்கச்சி இண்டைக்கும் பொட்டு வைச்சுக்கொண்டு ரோட்டைப் பாக்குது. அதிட்டைப் போய், உன்ர புருஷனைக் கள்ளன் எண்டு சொல்லு எண்டு நான் கேக்கிறதோ?"

காணி கிடைக்காவிட்டால் இந்தக் குடிலும் கிணறும் நீங்கள் ஏறி விளையாடுகிற கொய்யாவும் எங்களுடையவை இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

பள்ளிக்கூட மண்டபத்தில் அதிகாரி கதிரையில் இருந்தார். என் பெயரை வாசித்து, "ஆட்சேபம் இருக்கோ?" என்று கேட்டார். சந்திக் கடைக்காரர் எழும்பினார். எங்கள் வளவில் அவர் தன் மருமகனுக்காகக் கண் வைத்திருந்தார்.

"ஐயா, இவர் கோட்டில குற்றவாளி எண்டு தீர்ந்த ஆள். முதிரை வெட்டினவர். இவருக்குக் காணி குடுத்தால் நாளைக்குக் குளக்கட்டையும் வெட்டி வித்துப்போடுவார்."

மண்டபம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"வெட்டினனீரோ?"

"கோட்டில ஓம் எண்டனான் ஐயா."

"கோட்டில சொன்னதை நான் கேக்கேல்ல. நீர் வெட்டினனீரோ?"

இல்லை என்றால் அடுத்த கேள்வி, அப்போ யார் என்பது. ஓம் என்றால் நீங்கள் மூன்று பேரும் ரோட்டில். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பட்டப்பகலில், அத்தனை சனத்துக்குள், எனக்கு அந்த நாலு கொத்தும் கேட்டது. பிறகு இடைவெளி. அந்த இடைவெளிக்குள்தான் பெண்கள் பக்கத்தில் வாங்குக் கால் ஒன்று தரையில் உரசியது.

மாமி எழும்பி நின்றா.

"ஐயா, அந்த மரத்த வெட்டுனது என் வீட்டுக்காரரு. இவரு இல்ல."

கடைக்காரர் திரும்பினார். "ஆள் இல்லாத நேரம் ஆளின்ர தலையில போடுறது லேசுதானே."

"ஆளு இல்லன்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?"

கடைக்காரர் இருக்கவும் இல்லை, நிற்கவும் இல்லை.

"வந்தா அவரே சொல்லுவாரு. வர்ற வரைக்கும் நான் சொல்றேன். எங்க வீட்டு நடுக்கப்பு அந்த மரந்தான். மண்ணச் சொரண்டிப் பாருங்க, மஞ்சளாத் தெரியும்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் காட்டுக் கந்தோர் இல்லை, அம்மா. கப்புச் சுரண்ட வரேல்ல." பிறகு என்னிடம் சொன்னார்: "கோட்டுத் தீர்ப்பை நான் அழிக்கேலாது. அது உம்மட பேரிலதான் கிடக்கும். அதை மாத்திறதெண்டால் நீர் மேல்கோட்டுக்குப் போகவேணும். இந்த நாளையில எங்க போவீர்? ஆனால் காணிக்கு அது தடையில்லை எண்டு எழுதுறன்." மாமியிடம் மாமாவின் முழுப் பெயரையும் கேட்டார். மாமி ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னா. அவர் எழுதி முடிக்கும்வரை அந்தப் பேனையையே பார்த்துக்கொண்டு நின்றா.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன்: "ஏன் தங்கச்சி எழும்பினனீ? நான் கேக்கேல்லயே."

"அவரு சொல்றேன்னு சொன்னதுதானேண்ணே." குனிந்து காலில் ஏறிய முள்ளைப் பிடுங்கி எறிந்தா. "நான் போன எடமெல்லாம் அப்படி ஒரு ஆளே இல்லன்னாங்க. இன்னைக்கு ஒருத்தரு பேரக் கேட்டு எழுதுனாரு. மரம் வெட்டுனவருன்னாவது எழுதட்டும்."

பிள்ளைகள், எங்கள் காணி அப்படித்தான் வந்தது. மாமிக்கும் அவவின் துண்டு கிடைத்தது. அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நானும் அந்த அதிகாரியும் மாமியும் நினைத்திருந்தால் அது பிழை. நீதிமன்றத்தில் குற்றம் இன்னும் என் பெயரில் கிடக்கிறது. ஊர் வாயில் அது மாமாவின் பெயருக்குப் போய்விட்டது. ஒரு மரத்துக்கு இரண்டு கள்ளர்.

நான் சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் இரவில் யோசிப்பேன். யானை வீட்டைத் தள்ளியதா, ஏன் வெட்டினாய் என்று கூண்டில் நிற்பவனிடம் ஒரு கேள்வி கேட்டால் என்ன? தண்டனை முடிந்தவனைக் கூப்பிட்டு, இன்றோடு முடிந்தது, போ, இனி ஒருவரும் இதைச் சொல்லிக் கைகாட்ட முடியாது என்று சொல்ல ஒரு நாள் இருந்தால் என்ன? தண்டனை விதிக்க ஒரு நாள் வைத்தவர்கள், அதை எடுக்கவும் ஒரு நாள் வைத்திருக்கலாம். பெரிய ஆட்களாக வந்து இவற்றைச் செய்கிற இடத்தில் நீங்கள் இருந்தால், இதை ஞாபகம் வைத்திருங்கள். விசாரிக்காமல் ஒருவனையும் கொண்டுபோகக் கூடாது என்பதையும் சேர்த்து ஞாபகம் வைத்திருங்கள். அந்தப் பிள்ளையிடம் போய் என்ன சொல்வது என்று நான் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. அதை நீங்களே யோசியுங்கள்.

நீங்கள் சிரித்த அந்த நாளுக்கு மறுநாள், நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, மாமாவின் கைக்கோடரியை எங்கள் குசினிப் பரணில் இருந்து எடுத்துக்கொண்டு அடிக்கட்டைக்குப் போனேன். பொடியள் கைவைத்துத் தேய்த்து, அடையாளம் மினுமினுத்துக்கொண்டிருந்தது. சிவப்பு இலக்கத்தில் பாதிதான் மிச்சம். அது என் வழக்கின் இலக்கம். மாமாவின் பெயர் அதில் எங்கும் இல்லை.

சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. அந்த மரத்தில் நான் இரும்பு வைத்தது அன்றுதான் முதல் தடவை. முதிரை லேசில் விடவில்லை. நாலு கொத்துக் கொத்திவிட்டு நின்று, உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்தேன். என்னை அறியாமல் அப்படிச் செய்தேன். பிறகு அடையாளமும் இலக்கமும் ஒரே சிராயாகக் கழன்று விழுந்தன. உள்ளே இன்னும் மஞ்சள்.

மேலே மாமாவின் கோடரி விட்ட பள்ளங்கள் இருந்தன. அவற்றை நான் தொடவில்லை. விழுந்த சிராய்களைப் பொறுக்கி, உடுத்திருந்த சாரத்து மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.