மகளின் அறையில் கொழுவிய ரவுட்டர்

நாங்கள் நெடுந்தீவில் மீன்பிடிக் குடும்பம். எங்கள் வீட்டு ரவுட்டரில்தான் அக்கம்பக்கத்து வீடுகளும் இணையம் பார்க்கும். கேட்டால் கொடுப்போம்.

மகள் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அறைக்குள் வைஃபை சரியில்லை என்றாள். பழைய ரவுட்டர் ஒன்றைக் கொடுத்தேன்.

"சுவரில இருக்கிற வயரில கொழுவு. பக்கத்து அறைப் பிள்ளையளுக்கும் குடு."

அவள் கொழுவியதும் அது விடுதி இணைப்போடு மோதி, அந்த மாடி முழுவதும் இணையம் நின்றுவிட்டது. அன்றுதான் பிள்ளைகள் எழுதி முடித்த பாட ஒப்படைகளை அனுப்பக் கடைசி நாள். சொந்த ரவுட்டர் கொழுவக்கூடாது என்பது விடுதி விதியாம். மகள் அழுதுகொண்டு போன் எடுத்தாள்.

"விடுதியால விலக்கப் போகினமாம், அம்மா."

விடுதி இல்லாவிட்டால் படிப்பு இல்லை. தினமும் கடல் தாண்டிப் போய்வர முடியாது. அவளை விலக்க விடுவதில்லை என்று முதல் படகில் போனேன்.

"ஆர் இதைக் கொழுவச் சொன்னது?" என்று விடுதிப் பொறுப்பாளர் கேட்டார்.

"நான்தான் சொன்னனான். தண்டனை எண்டால் எனக்குத் தாங்கோ."

"மகள் சொன்னவ. ஊருக்கே வைஃபை குடுக்கிற ஆள் நீங்கள்தானோ? இஞ்சை அப்பிடிச் செய்ய ஏலாது, அம்மா."

"ஓம். இனி நடக்காது."

ஒப்படைக்கு இன்னொரு நாள் கொடுத்திருந்தார்கள். அதனால் பொறுப்பாளர் மகளை எச்சரித்ததோடு விட்டுவிட்டார். ரவுட்டரோடு திரும்பினேன்.

இப்போது அவள் பையில் எதை வைத்தாலும் முதலில் விதியைக் கேட்கிறேன். போனமுறை கருவாட்டுக்கும் கேட்டேன்.

"அதுக்குத் தடையில்லை, அம்மா. எல்லாருக்கும் குடுக்கலாம்."

கருவாட்டைக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துவிட்டேன்.