கேட்க மட்டும் தெரிந்த டிஷ்

ஏரி நடுவே கிடக்கும் லுகாண்டா தீவில் மசாத்துவைப் பெயர் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. பந்துக் கொட்டகைக்காரர் என்றால் சின்னப் பிள்ளையும் வழி காட்டும். தகரக் கூரை, பலகை பெஞ்சுகள், பெட்ரோலாய்க் குடிக்கும் ஒரு ஜெனரேட்டர், முன்னால் பந்தாட்டம் காட்ட ஒரு டிவி. இவ்வளவுதான் அவர் சாம்ராஜ்யம். நிலவு காயும் நாட்களில் டாகா என்கிற பொடிமீன் படகு விளக்குக்கு மயங்காது. மீன்பிடிக்கிறவர்கள் எல்லோரும் கரையேறிக் கொட்டகையில் வந்து விழுவார்கள். அப்போது மசாத்துவின் நடையைப் பார்க்க வேண்டும். கோல் போட்டதே தான்தான் என்கிற மாதிரி உலாத்துவார்.

மனிதர் கெட்டவரில்லை, வாய்தான் நீளம். ஒரே மகள் பெர்பெத்துவாவின் மேல் உயிரையே வைத்திருந்தார். அவள் ஏரிக்கு அக்கரையில், முவான்சா நகரத்தில், தாய்மாமன் புவிரே வீட்டில் தங்கி மீன் கம்பெனியில் வேலை பார்த்தாள். அவள் ஊருக்கு வந்தால் கொட்டகையை மூடிவிட்டு அவள் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருப்பார்.

கொட்டகையின் பழைய டிஷ் துருப்பிடித்து ஓட்டையானதும், முவான்சாவிலிருந்து ருவெகசிரா என்கிற டிஷ்காரர் படகில் இரண்டை ஏற்றி வந்தார். ஒன்று ஆளுயரம், கம்பிவலை போட்டது. இன்னொன்று சின்னது, முன்னால் நீட்டிய கையில் ஒரு பெட்டி மாட்டியது.

“பெரியவரே, இந்தப் பெரிசு மேலேர்ந்து வர்றத வாங்கிக்கும், அவ்வளவுதான். எல்லா மேட்சும் பளிச்சுன்னு தெரியும். அந்தச் சின்னது வாங்கவும் வாங்கும், அனுப்பவும் அனுப்பும். மூக்குல இருக்கு பாருங்க பெட்டி, அதுதான் நம்ம பேச்ச மேல ஏத்திவிடுறது. போன் பேசலாம். ஆனா அதுல பந்து வராது.”

தீவுக்கு அலைபேசிக் கோபுரம் கிடையாது. ஒரு வார்த்தை பேசவேண்டுமென்றால் படகேறி முவான்சா கரை தெரிகிற தூரம் வரை போகவேண்டும். டிஷ்காரர் அதையும் எடுத்துச் சொன்னார். மசாத்து சின்னதைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

“ரெண்டு பேருக்கு உகாலிக் களி போடக் காணாது இது. இதுவா ஆகாசம் வரைக்கும் பேசப்போவுது?”

மணலில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி ஞங்கெத்தா நிமிர்ந்தாள். “பெரிசா இருந்தாத்தான் பேசும்னா, தீவுல ஒங்க வாய்தான் பெரிசு. ஏறி நின்னு பேசுங்களேன் பாப்போம். பெர்பெத்துவா அப்பா, புள்ள குரலக் கேட்டு எத்தன நாளாச்சு? பேசுறதையே வாங்குங்க.”

“ஏ, சேதி வந்து சேந்தாப் போதாதா? நாம சொல்ல என்ன இருக்கு? நம்ம பேச்சுக்கு அங்க யாரு காத்துக்கிட்டிருக்கா?”

பெரிசுதான் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றது. மசாத்து சும்மா இருப்பாரா? போகிற படகில் எல்லாம் புவிரேவுக்குச் சொல்லியனுப்பினார்: “புது டிஷ் மாட்டியாச்சு மச்சான். இனி முவான்சால தும்முனாலும் லுகாண்டாவுக்குக் கேக்கும்.”

அடுத்த காற்றுக் காலத்தில் ஒரு நாள் கோப்பை ஆட்டம். உட்கார இடமில்லை. ஆட்டத்துக்கு முன்னால் டிவியில் மரண அறிவிப்புகள் ஓடின. செத்தவர் பெயரும், எங்கெங்கோ இருக்கிற சொந்தக்காரர்கள் பெயரும் வாசிப்பார்கள். அது முடியும்வரை கொட்டகையில் எல்லோரும் பேசிக்கொண்டுதான் இருப்பார்கள். அன்றும் அப்படித்தான் இருந்தார்கள், தங்கள் தீவின் பெயர் காதில் விழும்வரை.

‘லுகாண்டாவில் இருக்கும் மசாத்து, ஞங்கெத்தா இருவருக்கும் புவிரே தெரிவிப்பது. உங்கள் மகள் பெர்பெத்துவா மூளைக் காய்ச்சலில் இறந்துவிட்டாள். ஊருக்கு எடுத்துப்போக வருவதாக இருந்தால் இன்று பொழுது சாய்வதற்குள் சொல்லவும். பதில் இல்லையென்றால் நாளைக் காலை இங்கேயே அடக்கம்.’

லுகாண்டாக்காரர்கள் எங்கே செத்தாலும் சொந்த வீட்டு வாழைத்தோப்பில்தான் வைப்பார்கள். நகரத்துக் கல்லறை நாதியற்றவர்களுக்கு. மசாத்து எழுந்து கரைக்கு ஓடினார். தென்காற்று ஏரியைப் புரட்டிக்கொண்டிருந்தது. கொட்டகையே திரண்டு வந்து ஒரு படகைத் தள்ளியது. அலை அதைத் திருப்பி மணலிலேயே எறிந்தது. மறுபடி தள்ளினார்கள், மறுபடி எறிந்தது.

மசாத்து திரும்பி ஓடிவந்தார். டிஷ்ஷின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதற்குள் முகத்தை வைத்தார்.

“புவிரே! பொதைக்காதே! வர்றோம்! எம்புள்ளய அங்க வைக்காதே! நாங்க வர்றோம்டா!”

தொண்டை கட்டுகிறவரை கத்தினார். அது எங்கேயும் போகாது என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரும் போய் அவர் கையை விலக்கவில்லை. எப்படி விலக்குவது? டிவியில் ஆட்டம் ஆரம்பித்து ஓடிக்கொண்டிருந்தது, பார்க்கத்தான் ஆளில்லை. பொழுதும் சாய்ந்தது.

விடியும்போது காற்று அடங்கிப் படகு புறப்பட்டது. வழி முழுக்க ஞங்கெத்தா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். முவான்சாவின் பாறைகள் தெரிந்ததும் படகோட்டியின் அலைபேசி உயிர்பெற்றது. அவள் வாங்கி அண்ணனைக் கூப்பிட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. மண் தள்ளுகிறவன் எப்படி எடுப்பான்?

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது குழி மூடி, மேலே சிலுவையும் நட்டாகிவிட்டது. புவிரே கால்சட்டையெல்லாம் செம்மண்ணாக நின்றான். தங்கையைப் பார்த்ததும் அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

“பொழுது சாயற வரைக்கும் போனக் கையில வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன் மச்சான். பெரிய டிஷ்ஷுன்னு சொல்லியனுப்பினீங்களே, அதுல பேசுவீங்கன்னுதான் இருந்தேன். பதிலே வரலன்னதும், இங்கயே வச்சிருன்னுதான் சொல்றீங்கன்னு நெனச்சுட்டோம். சேதி ஒங்க காதுல விழுந்துச்சா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க.”

கேட்கவில்லை என்று ஒரு பொய் சொன்னால் போதும். காற்றின் மேல் பழியைப் போட்டுவிடலாம். யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அந்தப் பொய் மசாத்துவின் நாக்கு வரைக்கும் வந்தது.

“கேட்டுச்சு மச்சான்,” என்றார். “முழுசாக் கேட்டுச்சு.”

புவிரே முகத்தைத் திருப்பிக்கொண்டான். நேற்றிலிருந்து வாய் திறக்காத ஞங்கெத்தா அப்போதுதான் பேசினாள்.

“அவரு பதில் சொன்னாருண்ணே. தொண்ட கிழியச் சொன்னாரு. தீவே கேட்டுச்சு.” புதுமண்ணைத் தொட்டுக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். “ஒனக்குத்தான் கேக்கல.”